முச்சு

கோவிந்தராஜனுக்கும் அவர் மகன் ஹரிஷ்குமாருக்கும் ஒரே குரல். முகம் ஒட்டாது, நடை ஒட்டாது, ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. குரல் மட்டும் அச்சு அசல். என் மாவு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால், "ரெண்டு கிலோ எடுத்து வையி" என்று சத்தம் வரும். "டேய் ஹரிஷு, போன வாரம் எடுத்துக்கினு போன தூக்க மொதல்ல கொண்டா, அப்பறம் மாவு" என்று திரும்பாமலே கத்துவேன். திரும்பிப் பார்த்தால் பெரியவர் காலித் தூக்கோடு நின்றுகொண்டிருப்பார். "நான்தாம்மா" என்பார் பாவமாக.

தாரணி ஹரிஷைக் கல்யாணம் செய்துகொண்டு குடியாத்தத்திலிருந்து வந்த புதிதில், போனில் மாமனாரைப் பிடித்துக்கொண்டு, "எங்க சுத்திக்கினு கீற? சோறு ஆறுது. நீயும் உன் வண்டியும்!" என்று வைது தீர்த்துவிட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம், "நான்தாம்மா." அவ்வளவுதான், பெண் என் கடைக்குள் ஓடிவந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. வெளியே வரவே மாட்டேன் என்றது. பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்து முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எங்கள் கட்டடத்தில் முன்பக்கம் என் மாவுக்கடை. பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு நடை. நடை முடிகிற இடத்தில் அவர்கள் வீடு. ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, மேலே ஏறினால் தகரம் போட்ட ஓர் அறை. கோவிந்தராஜன் சிட்டி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கன்னடம் பேசிவிட்டு வருகிறவர், வீட்டு வாசலில் செருப்பை விடும்போது அதையும் சேர்த்து விட்டுவிடுவார். ஹரிஷ் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, "அப்பா, பாகிலு தெகி" என்று கதவைத் தட்டினால் திறக்க மாட்டார். "கதவத் தொறன்னு சொல்லு, தொறக்கறேன். கன்னடத்த செருப்போட வெளியவே வுடு. உங்கம்மா உன்னத் தமிழ்லதான் பெத்தா" என்பார். கன்னடத்தின் மேல் அவருக்குக் கோபமில்லை, சோறு போட்ட பாஷை. மனைவி போன பிறகு வீட்டில் அவளுடையது என்று மிச்சமிருந்தது அந்தப் பேச்சுதான். அதனால் அப்படி ஒரு பிடிவாதம். அந்த வாசப்படியைத் தாண்டினால் நானும் தமிழ்தான் பேசுவேன். காதும் தமிழில்தான் கேட்கும். பழகிப்போனது.

ஹரிஷுக்கு வேலை ஒரு பைக் ஷோரூமில், சர்வீஸ் பிரிவில். உயிர் இருந்தது ஞாயிற்றுக்கிழமையில். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைப் பிரித்து மேய்ந்து, லைட்டைக் கழற்றி, நம்பர் பிளேட்டைக் கழற்றி, பல்லுப் பல்லாக டயர் மாட்டி, முன் மட்கார்டை மூக்குக்கு மேலே தூக்கிவைத்து, டர்ட் பைக் ஆக்கியிருந்தான். ஹோஸ்கோட்டைக்கு அந்தப்புறம் மண்மேடும் பள்ளமுமாக வெட்டி வைத்த ஒரு மைதானம் இருக்கிறதாம். டெம்போவில் வண்டியை ஏற்றிக்கொண்டு அங்கே போவான். கூட ஷ்ரேயாஸ் என்று ஒரு கன்னடப் பையன். சேற்றில் குளித்து இரண்டும் சாயங்காலம் வந்து நிற்கும், பன்றிக்குட்டி தோற்றது.

முந்தின நாளே நடையில் வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பான். என் கிரைண்டர் கல் ஓடுகிற சத்தத்தையும் மீறிக் காது கிழியும். வெள்ளைப் புகை கடைக்குள் புகுந்து உளுந்து நுரைமேல் உட்காரும். நான் கரண்டியோடு போய் நிற்பேன்.

"அக்கா, டூ ஸ்ட்ரோக் வாசன அக்கா. சென்ட்டு மாதிரி."

"உன் மூஞ்சி. நாளைக்கி ஜனம் இட்லில ஆயில் நாறுதுன்னு வந்து நிக்கட்டும், உளுந்தோட உன்னயும் சேத்து ஆட்றேன்."

"ஆட்டுக்கா. நல்லா புஸ்ஸுன்னு பொங்குவேன்."

அப்படிப்பட்ட வாய். அந்த வாய்தான் போச்சு.

பெரிய விழுகைகூட இல்லை. ஜூன் மாதத்து ஈரம், வளைவில் சறுக்கி வண்டியோடு சாய்ந்தான். எழுந்தும்விட்டான். வண்டிதான் நின்றுபோனது. அதை நிமிர்த்திக் கிக் அடித்துக்கொண்டு நிற்கும்போது, மண்மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவனுக்கு இவன் நிற்பது தெரியவில்லை. மேட்டிலிருந்து எகிறி வந்த வண்டி இவன்மேல் இறங்கியது. எங்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். மண்டையைத் திறந்தார்கள், மூடினார்கள். மழை வலுத்து ஓய்ந்து மறுபடி வலுக்கிற காலம் வரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். உயிரோடு வந்தான். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு வரவில்லை. யாரைப் பார்த்தாலும் ஒரே பார்வை. பெற்ற தகப்பனையும் பார்ப்பான், பல்லியையும் பார்ப்பான்.

அவனுக்கு முன்னாலேயே வண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டது. டெம்போக்காரன் நடையில் சுவரோடு சாய்த்துவிட்டுப் போனான். காய்ந்த சேறு அப்படியே இருந்தது. "அந்தச் சனியன எடுத்துக்கினு போயி கடாசுங்க" என்று பெரியவர் கத்தினார். தாரணி ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டாள்.

"அவர் வந்து சொல்லட்டும் மாமா. அவர் வுட்டது வுட்டபடி இருக்கட்டும்."

வண்டியின் வயிற்றுக்கடியிலிருந்து பெட்ரோல் சொட்டியது. வேகமாக இல்லை, தேய்ந்துபோன குழாய் மாதிரி எப்போதாவது ஒரு சொட்டு. அதற்கு ஒரு தயிர் டப்பாவை வைத்தாள். ரொம்பினால் டாங்கி மூடியைத் திறந்து திரும்ப ஊற்றிவிடுவாள், வீணாகக் கூடாதென்று. துடைக்கவில்லை, நகர்த்தவில்லை, ஒரு திருகைத் தொடவில்லை. கோயில் உற்சவருக்குக்கூட யாரும் அப்படி மடி பார்க்க மாட்டார்கள்.

வெளிச்சம் வரட்டும் என்று கட்டிலைக் கூடத்தில் வாசலுக்கு நேராகப் போட்டோம். படுத்தபடியே நடை தெரியும், நடையில் நிற்கும் வண்டி தெரியும். ஹரிஷ் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டினான். உதடு கோணியது. தொண்டையில் என்னமோ உருண்டு வந்தது.

"முச்சு" என்றான்.

தாரணி கையிலிருந்த ராகிக் கஞ்சியைக் கீழே போட்டுவிட்டாள். "மாமா! பேசினாரு மாமா! அக்கா, கேட்டியா, பேசினாரு!"

"இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு ராஜா" என்று பெரியவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முச்சு. முச்சு."

"மூச்சுன்றான். மூச்சு முட்டுதுன்றான். தாரணி, கதவ நல்லா தொற. காத்த வுடாம எல்லாம் சுத்தி நின்னுக்கினு!"

சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. கதவை விரியத் திறந்தோம். தலைமாட்டில் இன்னொரு தலையணை வைத்தோம். ஃபேனை வேகமாக்கினோம், ஆகஸ்டு மாதத்து பெங்களூர்க் குளிரில். அவன் விடவில்லை. வாசலைக் காட்டிக் காட்டி முச்சு, முச்சு என்றான். கடைசியில் கட்டில் சட்டத்தில் இடது கையால் அறைந்தான். கோபத்தில் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

அன்றிலிருந்து அதே பாடு. விரலில் மாட்டிப் பார்க்கிற மிஷின், மூச்சில் குறையே இல்லை என்று காட்டியது. டாக்டரும் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றார். பெரியவர் நம்பவில்லை. ஆக்சிஜன் மிஷின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தார். அது புஸ் புஸ் என்று ஒரு மூலையில் கிடந்தது. முகத்தில் மூடி வைத்தால் ஹரிஷ் பிய்த்து எறிவான். இவர் திரும்ப வைப்பார். தகப்பனும் மகனும் மல்லுக்கட்டுவார்கள், பேச்சிருந்த காலத்தில் கட்டியது போதாதென்று.

நான் கடையை ஒதுக்கிவிட்டு மத்தியானத்தில் போய் உட்காருவேன், தாரணி ஒரு வாய் சாப்பிட்டு எழட்டும் என்று. அந்தப் பெண் எனக்கெதிரே தட்டை வைத்துக்கொண்டு சோற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும்.

"துன்னு தொலைடி. சோறு என்ன கோலமா, இழுத்துக்கினே கீற?"

"அக்கா, குத்தம் சொல்றேன்னு நெனக்காத. இத்தினி வார்த்த இருக்கு. ஒரு தபா தாரான்னு கூப்ட்டா போதும்னு இருக்குது. அதுக்கப்பறம் ஆயுசுக்கும் ஊமையாவே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

"வரும்டி. ஒண்ணு வந்திச்சில்ல, பின்னாடியே மத்ததும் வரும்."

"மூச்சு மூச்சுன்றாரே. நான் மூச்சுக்கு எங்க போவேன்?"

ரசத்தை ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து பேச்சுப் பழக்குகிற பெண்ணின் பெயர் நோரா. ஆஸ்டின் டவுன்காரி, நம் தமிழ்தான். கண்ணாடி காட்டுவாள், படம் காட்டுவாள், தானே வாயைக் கோணிக்கோணிக் காட்டுவாள். ஒரு நாள் போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அவருக்குப் பழக்கமான சத்தம் எல்லாம் காதுல வுழட்டும்மா. புடிச்ச சத்தம். ஒரு வார்த்தையப் புடிச்சிக்கினு நிக்கிறாரு இல்ல, அத வுட்டு அடுத்ததுக்கு நகரணும். எது நகத்தும்னு யாருக்குத் தெரியும்?"

நோரா தலை மறைந்ததும் தாரணி வண்டியைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"வேணாம்டி" என்றேன்.

"அவருக்கு வேற இன்னா சத்தம் புடிக்கும்? நீயே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து தூறல், விழுகிறதா இல்லையா என்றே தெரியாத பெங்களூர்த் தூறல். கடையில் கூட்டம் குறைந்திருந்தது. நடையில் சத்தம் கேட்டுப் போனேன். தாரணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிக்கர்மேல் ஏறி நிற்கிறாள். அவள் எடைக்கு அது அசையவே இல்லை.

"எறங்கும்மா, கால ஒடச்சிக்காத" என்று பெரியவர் உள்ளேயிருந்து வந்தார். "கண்டிப்பா ஸ்டார்ட் பண்ணணுமா?"

"ஆமா மாமா."

"இது கேட்டு அவன் வேற இன்னாவாது ஆயிட்டா?"

"இப்ப இருக்கறத வுட இன்னா ஆவணும் மாமா?"

பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டினார். முழங்கால் வலிக்காரர். "பஸ்ஸுன்னா யானை, சாவியத் திருப்புனா எழுந்துக்கும். இது குதிர" என்று முணுமுணுத்துக்கொண்டே காலைத் தூக்கி வைத்து உதைத்தார். சளக் என்றது. மறுபடி உதைத்தார். சளக். உதைக்க உதைக்க பெட்ரோல் நாற்றம் நடை முழுக்க ஏறியது. தயிர் டப்பாவில் சொட்டு வேகமாக விழுந்தது. ஒரு உதைக்குக் கிக்கர் திரும்பி அடித்து அவர் கெண்டைக்காலைப் பதம் பார்த்தது. "அம்மாடி!" என்று சுவரைப் பிடித்தார்.

உள்ளே ஹரிஷ் கத்த ஆரம்பித்தான்.

"முச்சு! முச்சு! முச்சு!"

இப்படி ஒரு கத்தலை அதுவரை கேட்டதில்லை. கட்டில் சட்டம் அதிர்ந்தது. பெரியவர் நொண்டிக்கொண்டு ஓடினார். "பெட்ரோல் நாத்தத்துல மூச்சு அடைக்குதுடி அவனுக்கு! நிறுத்து! அந்த ஆக்சிஜன எடு!" தாரணி மிஷினுக்கு ஓடினாள். நான் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு நடையில் நின்று நாற்றத்தை விசிறினேன், மடச்சி மாதிரி.

அப்போதுதான் சந்து முனையில் ஷ்ரேயாஸ் தெரிந்தான். மழைக்கோட்டு, கையில் ஆரஞ்சுப் பை. ஆஸ்பத்திரியில் முதல் நாள் பார்த்தது. அதற்கப்புறம் ஆளைக் காணோம்.

"வாப்பா! இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றேன். வாய் சும்மா இருக்குமா?

உள்ளேயிருந்து, "முச்சு! முச்சு!" என்று வந்தது. அந்தப் பையன் முகம் வெளுத்தது. ஆரஞ்சுப் பையைத் தரையில் வைத்தான். நேராக வண்டியிடம் போனான். இடது பக்கம் குனிந்து, டாங்கிக்கு அடியில் கையை விட்டு எதையோ ஒரு திருகு திருகினான்.

உள்ளே சத்தம் நின்றது.

தயிர் டப்பாவில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அப்புறம் விழவில்லை.

பெரியவர் ஆக்சிஜன் மூடியைக் கையில் வைத்தபடி வாசலுக்கு வந்தார். "இன்னாப்பா பண்ண?"

"பெட்ரோல் டேப் மூடினேன் அங்கிள்."

"யார் மூடச் சொன்னது?"

ஷ்ரேயாஸ் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு எங்கள் கேள்வியே புரியவில்லை. "ஹரிதானே சொல்றான் அங்கிள். முச்சு முச்சுன்னு. டேப் முச்சுன்னு."

முச்சு. மூடு. கன்னடத்தில் கைக்குழந்தைகூடச் சொல்லும். என் கடைக்கு வருகிற கன்னடக்காரர்களிடம், டப்பா மூடியைச் சரியாகப் போடுங்கள் என்று, "முச்சளா சரியாகி முச்சிம்மா" என்று நாளெல்லாம் சொல்கிற வாய் என்னுடையது. கோவிந்தராஜன் வாழ்நாள் முழுக்க, "டோர் முச்சு, டோர் முச்சு" என்று கண்டக்டரைப் பார்த்துக் கத்திக்கொண்டே பஸ் ஓட்டியவர். வாசப்படிக்கு இந்தப் பக்கம் அது எங்கள் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. தாரணிக்குக் கன்னடம் தெரியாது, நோராவோ நாங்கள் சொன்ன மூச்சையே நம்பிவிட்டாள்.

பெரியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூட்றா மூட்றான்னு பையன் கத்தறான். நான் கதவத் தொறக்கறேன். ஃபேனப் போட்றேன். மூஞ்சில கொண்டுபோயி இத வெச்சி அழுத்தறேன். அய்யோ, என் செருப்பால என்ன அடிக்கணும்!"

"அன்னைக்கும் இதே சொன்னான் அங்கிள்" என்றான் ஷ்ரேயாஸ். அவன் தமிழ் எப்போதும் கொஞ்சம் நொண்டும். அன்று ரொம்ப நொண்டியது. "வண்டி வுழுந்து பெட்ரோல் இஞ்சின் உள்ள ஓவர் ஆயித்து. டேப் மூடிட்டு, ஃபுல் த்ராட்டல் குடுத்து, கிக் அடிச்சாதான் வரும். அவன் கிக் அடிக்கிறான். நான் ஓடி வந்தேன். 'டேப் முச்சு மச்சா, டேப் முச்சு'ன்னு கத்தறான். நான் குனிஞ்சேன். மேல வண்டி சத்தம். நான்... நான் பயந்து சைடுக்கு ஜம்ப் பண்ணிட்டேன் அங்கிள். டேப் மூடலே இல்ல. மூடியிருந்தா ஸ்டார்ட் ஆயிருக்கும். அவன் போயிருப்பான்."

அவன் அழுதான். பெரியவர் தலையைத் தூக்கவில்லை. நான் ஆரஞ்சுப் பையை எடுத்துப் படியோரம் வைத்தேன்.

தாரணி உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இப்ப மூடிட்ட இல்ல" என்றாள். "ஸ்டார்ட் பண்ணு."

ஷ்ரேயாஸ் மழைக்கோட்டைக் கழற்றினான். சீட்டுக்கடியில் துணியில் சுற்றியிருந்த ஸ்பேனரை எடுத்துப் பிளக்கைக் கழற்றினான். குளித்துவிட்டு வந்த மாதிரி நனைந்திருந்தது. தன் சட்டை நுனியில் துடைத்து ஊதினான். பிளக் இல்லாமலே சில தடவை உதைத்தான், உள்ளே தேங்கியிருந்த பெட்ரோல் அந்த ஓட்டை வழியாகத் தூறலாகச் சீறி வெளியே வந்தது. வாரக்கணக்கில் டேப் திறந்தே கிடந்ததும், தாரணி திரும்பத் திரும்ப ஊற்றியதும் எல்லாம் அதற்குள்தான் போயிருக்கிறது. நெருப்புப் பொறி பட்டால் கட்டடமே போகும் என்று நான் அடுப்பை அணைக்க ஓடினேன்.

திரும்பி வருவதற்குள் பிளக்கை மாட்டிவிட்டான். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு உதைத்தான். ஒன்றுமில்லை. உதைத்தான். ஒரு இருமல். தாரணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி உதைத்தான். இருமி, தும்மி, ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது.

டர்ர்ர்ர்ரிங் என்று நடை அதிர்ந்தது. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பி வீட்டுக்குள்ளும் என் கடைக்குள்ளும் போனது. ஷ்ரேயாஸ் குனிந்து டேப்பைத் திறந்துவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகித் திருகி விட்டான். எனக்கு அந்தப் பாழாய்ப்போன புகை வாசனையில் அழுகை பொங்கிவிட்டது. சென்ட்டாம், சென்ட்டு.

ஹரிஷைப் பார்த்தேன். வாசலைப் பார்த்துப் படுத்திருந்தான். இடது கை போர்வைமேல் இருந்தது. அதில் இரண்டு விரல் மட்டும் மடங்கியது, மெதுவாக விரிந்தது. கிளச் பிடிக்கிற விரல்கள் என்று ஷ்ரேயாஸ் அப்புறம் சொன்னான். நெற்றிச் சுருக்கம் நீங்கியது. பெருமூச்சு ஒன்று விட்டான். கண்ணை மூடிக்கொண்டான். வண்டி அவ்வளவு கத்தும்போதே தூங்கிப்போனான்.

வீட்டுக்கு வந்தபின் அவன் அப்படித் தூங்கியதே இல்லை. பெரியவர் சத்தமில்லாமல் கையைக் காட்டி வண்டியை அணைக்கச் சொன்னார். டேப்பையும் ஷ்ரேயாஸ் நினைவாக மூடினான். ஆக்சிஜன் மிஷினை பெரியவர் அன்றைக்கே தூக்கி வெளியே வைத்தார். வெளியே போய் ஜிலேபி வாங்கி வந்தார். ஷ்ரேயாஸ் வாயில் அவரே ஒன்றை ஊட்டினார். "நீ குதிச்சதுனாலதான்டா இப்ப வந்து மூட முடிஞ்சிது. ரெண்டு பேரும் படுத்துக் கிடந்தா நான் எந்தக் கட்டிலப் பாப்பேன்?" என்றார். தாரணி அவசரமாகப் பாயசம் வைத்தாள். எழுந்ததும் பேசுவான் என்று எல்லாரும் நினைத்தோம். நானும்தான். கடைக்குத் திரும்பவே மறந்துபோனேன்.

சாயங்காலம் எழுந்தான். பாயசம் இரண்டு ஸ்பூன் குடித்தான். வாசலைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்தும். தாரா என்று வரவில்லை, அப்பா என்று வரவில்லை. வராததோடு, அந்த முச்சும் போய்விட்டது. மூட வேண்டியதை மூடியாகிவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவனுக்கு இனி எங்களிடம் சொல்ல எதுவும் இல்லை என்பதுபோலக் கிடந்தான். கையைத் தூக்கவில்லை, சட்டத்தில் அடிக்கவில்லை. கொடுத்தால் விழுங்கினான். திருப்பினால் திரும்பினான். நோரா வந்து கண்ணாடி காட்டினாள், படம் காட்டினாள், பழையபடி வாயைக் கோணிக் காட்டினாள். போகும்போது, "கொஞ்சம் நாளாகலாம்மா" என்றாள். எந்தக் கொஞ்சம், எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை.

"நான் கெடுத்துட்டனா அக்கா?" என்று தாரணி ஒரு மத்தியானம் கேட்டாள். என் கடையில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கையைத் தண்ணீருக்குள் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பைத்தியம் மாதிரி பேசாத. அவன் கேட்டத செஞ்ச. நிம்மதியா தூங்கறான் இல்ல?"

"ஆமா. நிம்மதியா தூங்கறாரு." கொஞ்ச நேரம் தோலைப் பிசைந்தாள். "அது மூச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தம் பாரு, அப்ப நல்லா இருந்துச்சிக்கா. எங்கிட்ட எதையோ கேக்கறாருன்னு இருந்துச்சி. ராத்திரி பகல்னு இல்லாம கூப்ட்டுக்கினே இருந்தாரு. இப்ப பாரு, அவர் என்னக் கேக்கவே இல்ல. அந்தப் பையனக் கேட்டிருக்காரு."

களைந்த தண்ணீரை வாங்கிச் சாக்கடையில் ஊற்றினேன்.

அடுத்த நாள் காலை, மிஷினில் கல் ஓடிக்கொண்டிருந்தது. தூறல். கடையின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக நடை தெரியும். தாரணி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சுற்றும் பார்த்தாள். குனிந்து டாங்கிக்கு அடியில் கையை விட்டாள். காலால் தயிர் டப்பாவைத் தள்ளினாள்.

டேப்பைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

ஏய் என்று கத்த வேண்டியவள், கத்தவில்லை. கையை நீட்டி மிஷின் ஸ்விட்சை அணைத்தேன். கல் நிற்கிற வரை பொறுக்க முடியவில்லை, உள்ளங்கையை வைத்து நிறுத்தினேன். சந்து அமைதியானது. பெட்ரோல் சிமெண்டுத் தரையில் சொட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. நாற்றம் மெல்லப் பரவி வந்தது. தாரணி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, காதை வாசல் பக்கம் கொடுத்து நின்றாள். நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தபா சொல்லுடா. உனக்குப் புண்ணியமாய்ப் போகட்டும், ஒரே ஒரு தபா.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் உள்ளேயிருந்து வந்தது.

"முச்சு."

தெளிவாக, குழறாமல், அதே குரல். தாரணி முந்தானையை விட்டுவிட்டு ஓடினாள். நான் மாவுக் கையோடு கடையைத் தாண்டி நடையில் ஓடினேன். வாசலில் அவள் முதுகில் முட்டிக்கொண்டு நின்றேன்.

ஹரிஷ் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். இடது கை எங்கே வைத்தோமோ அங்கேயே இருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் கோவிந்தராஜன் உட்கார்ந்து மகனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"நான்தாம்மா" என்றார். "பெட்ரோல் நாத்தம் வந்திச்சி, அவன் சொல்லுவான்னுதான் நானும் பாத்துக்கினு இருந்தேன்."

வெளியே பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் போய் டேப்பை மூடினேன்.